எருமையைச் சேமித்த ஏமங்குளத்தார்

ஏமங்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பஸ் போகிறது. போனவர்கள் திரும்பியும் வந்திருக்கிறார்கள். அவ்வளவு போதும்.

அங்கே ஒரு பால் சங்கம். தலைவர் கொம்பையா. செயலாளர் மாசானம். பொருளாளர் பிச்சைக்கண்ணு. மிச்சம் இருந்தவன் துரைச்சாமி. அவன்தான் உறுப்பினர். மூன்று பேர் சேர்ந்து அவனை நிர்வாகம் செய்தார்கள்.

சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மாடு கன்றுக்கு நோய் என்றால் அதில் ஒரு வெப்சைட்டைத் திறந்து விவரத்தை எழுதிச் சேமிக்க வேண்டும். சேமித்தால் மறுநாள் டாக்டரோடு வண்டி தொழு வாசலுக்கே வரும். சேமிக்காவிட்டால் வராது. போனில் அழுதாலும் வராது. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை. இவர்கள் பெரிய மனிதர்களாகப் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலையில் பேச்சியம்மாள் வந்து சங்கத்துக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளுக்குப் புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளைகள், ஓர் எருமை. எருமையின் பெயர் செல்லக்கிளி. டீக்கடைக்குப் பால் ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

“செல்லக்கிளி படுத்துட்டா அண்ணாச்சி! புல்லைத் தொட மாட்டேங்கா, தண்ணி குடிக்க மாட்டேங்கா. டாக்டர் வண்டியக் கூப்பிடுங்க. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பிள்ளைகளக் கொண்டாந்து ஒங்க வீட்டுலதான் விடுவேன்.”

கொம்பையாவுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். உடனே வேலையில் இறங்கினார்.

துரைச்சாமி ஒரு விரலால் தட்ட, மூன்று நிர்வாகிகளும் அந்த விரலை மேற்பார்வை செய்தார்கள். எல்லாம் எழுதி முடித்து ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அதற்கு உரிய பதிலைத் தம் கையாலேயே அழுத்தினார்.

‘சேமிக்கப்படவில்லை’ என்று வந்தது.

நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தார்கள். மறுபடி அதே. மறுபடி காத்திருந்தார்கள்.

“பிகு பண்ணுது,” என்றார் பிச்சைக்கண்ணு.

உதவி வேண்டுவோர் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டார்கள். டவுன் ஆபீசிலிருந்து ஜெனிட்டா என்ற பெண் எடுத்தாள். வெப்சைட்டைக் கட்டியவளே அவள்தான். ரொம்பப் பொறுமைசாலி. அன்றைக்கு அப்படி இருந்தாள்.

“ஐயா, முதல்ல நெட் வயரைப் பாருங்க. எங்கயாவது அறுந்திருக்கா, சரியா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தார்கள். வயர் கம்ப்யூட்டரிலிருந்து சுவருக்குப் போனது. சுவரிலிருந்து வெளியே கம்பத்துக்குப் போனது. அந்தக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு. நாலு பேரும் அண்ணாந்து பார்த்தபடி கூடவே நடந்தார்கள். வாய்க்கால் வந்தது, இறங்கினார்கள். முள்ளுக்காடு வந்தது, நுழைந்தார்கள். ஒருத்தர் வீட்டு மாடி வழியாக வயர் போனது, ஏணி கேட்டு ஏறினார்கள். பொழுது சாயும்போது டவுனிலிருந்து மாசானம் போன் போட்டார்.

“மேடம், வயரு சுத்தமா இருக்கு. எங்கயும் அறுகல.”

“இவ்வளவு நேரமா? எதுவரைக்கும் பாத்தீங்க?”

“அது முடியுத வரைக்கும். நடுவுல ஒரு இடத்துல மட்டும் காக்கா ஒண்ணு உக்காந்திருந்துச்சு. விரட்டியாச்சு. திரும்ப வந்துரக் கூடாதுன்னு துரைச்சாமிய அங்கயே நிறுத்திட்டு வந்திருக்கோம்.”

ஒரு பகல் போயிற்று. செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை. டீக்கடைக்காரர் வேறு இடத்தில் பால் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பேச்சியம்மாளிடம் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஜெனிட்டாவே கூப்பிட்டாள்.

“ஐயா, அந்தப் பக்கத்தை மூடிட்டு முதல்லேருந்து எல்லாத்தையும் செஞ்சு பாருங்க. நேத்து எப்படிச் செஞ்சீங்களோ அதே மாதிரி. எந்த இடத்துல தப்பு வருதுன்னு கண்டுபிடிச்சிருவோம்.”

போனை வைத்ததும் கமிட்டி கூடியது. முதல் என்றால் எது?

“கம்ப்யூட்டர ஆன் பண்ணது,” என்றான் துரைச்சாமி. ராத்திரி முழுக்கக் கம்பத்தடியில் நின்றதில் அவனுக்குக் கழுத்து அண்ணாந்தே இருந்தது.

“அதுக்கு முன்னால கதவைத் திறந்தோமேவே,” என்றார் பிச்சைக்கண்ணு.

“கதவ எதுக்குத் திறந்தோம்?” என்றார் மாசானம். “பேச்சி மைனி வந்து சத்தம் போட்டா. போடலன்னா திறந்திருப்போமா? அப்பம் அதுதான் முதல்.”

தலைவர் தொடையில் தட்டினார். “பாயிண்டு.”

பேச்சியம்மாள் தொழுவில் உட்கார்ந்து செல்லக்கிளி வாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நாலு பேரும் போய் நின்றார்கள்.

“மைனி, ஒருக்க சங்கத்துக்கு வந்து நேத்து மாதிரியே சத்தம் போடணும்.”

பேச்சியம்மாள் சங்கம் வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே ஆரம்பித்தாள். “ஏ கூறுகெட்டவனுகளா, என் எருமை சாகக் கெடக்கு, ஒங்களுக்கு வெளையாட்டா? ஒங்க அப்பன் பாட்டன்லேருந்து ஒருத்தனுக்காவது...”

மாசானம் கையை உயர்த்தினார். “மைனி, நேத்து எங்க அப்பாவ இழுக்கல. நேத்து சொன்னத மட்டும் சொல்லுங்க.”

கஞ்சி வாளி பறந்து வந்தது.

“நேத்து வாளியும் கெடையாது,” என்றார் பிச்சைக்கண்ணு, தலையைத் தடவிக்கொண்டே. “மறுக்க முதல்லேருந்து.”

அப்படியே மூன்று முறை நடந்தது. பேச்சியம்மாளுக்கு ஒரு தடவைகூட முந்தின நாள் மாதிரி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாக ஏதாவது சேர்ந்துவிட்டது. கடைசியில் கதவைப் பூட்டி, தாங்களே தட்டி, தாங்களே திறந்து, கம்ப்யூட்டரில் எழுதி, கட்டத்துக்குப் பதில் சொன்னார்கள். சேமிக்கப்படவில்லை.

“ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க ஐயா,” என்றாள் ஜெனிட்டா.

போட்டோ என்றதும் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளை உடுத்தி, திருநீறு பூசி வந்தார்கள். டீக்கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். அனுப்பினார்கள்.

“ஐயா, இதுல நீங்க நாலு பேர்தான் தெரியுறீங்க. ஸ்கிரீன் எங்க?”

“எங்களுக்குப் பின்னாலதான் இருக்கு மேடம்.”

“அது தெரியணுமே!”

“தலைவர ஒதுங்கச் சொல்லுததுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல,” என்றார் மாசானம்.

ஜெனிட்டா போட்டோவை மூடினாள். பிறகு, “சரி. எழுதுற இடத்துல ஏதாவது காலியா விட்டிருப்பீங்க. விட்டா சேவ் ஆகாது. ஒரு இடம்கூடக் காலியா இருக்கக் கூடாது. எல்லாத்தையும் நிரப்புங்க,” என்றாள்.

எருமையின் வயது, நிறம், ஈன்ற கணக்கு எல்லாம் முன்னமே எழுதியதுதான். கடைசியாக ஒரு கட்டம் மட்டும் இருந்தது. ‘வேறு ஏதேனும் இருந்தால் குறிப்பிடவும்.’

“வேற என்னவே இருக்கு?” என்றார் தலைவர்.

“வேற ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா காலி. காலியா விடக் கூடாதுங்காவ. ஏதாவது இருந்தாகணும்.”

வெகுநேரம் யோசித்தார்கள். பிச்சைக்கண்ணு தயங்கித் தயங்கி, “எனக்கு மழைக்காலத்துல மொழங்கால் வலிக்கும்,” என்றார். எல்லாருக்கும் நிம்மதி. எழுதினார்கள். ஆனால் கட்டம் பெரிசு, முழங்கால் பாதி வரைக்கும்தான் வந்தது. மிச்சத்துக்கு மாசானத்துக்கும் அவர் மைத்துனருக்கும் உள்ள வரப்புத் தகராறை எழுதினார்கள். விளிம்பு வரைக்கும் நிரம்பியது. சேமி. கட்டம் வந்தது. தலைவர் பதில் சொன்னார். சேமிக்கப்படவில்லை.

அதற்கு மேல் ஜெனிட்டாவால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மத்தியானம் நேரிலேயே வந்துவிட்டாள். பேச்சியம்மாளும் தொழுவிலிருந்து ஓடி வந்தாள்.

“எங்க சர்வர்ல பாத்தேன் ஐயா,” என்றாள் ஜெனிட்டா. “ஒங்க ஊர்லேருந்து ஒரு கோரிக்கைகூட வந்து சேரல. இது மட்டும் இல்ல, கம்ப்யூட்டர் வந்த நாள்லேருந்து ஒண்ணுகூட வரல. நீங்க அனுப்பவே இல்ல போலிருக்கு.”

“அதெல்லாம் பெறவு பாப்போம். வெயில்ல வந்திருக்கிய. காப்பி குடிக்கியளா?” என்றார் தலைவர்.

“சரி, குடுங்க,” என்றாள் ஜெனிட்டா.

துரைச்சாமி தரையைப் பார்த்தான். பிச்சைக்கண்ணு இருமினார். காப்பி போடவே இல்லை. போடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். கேட்ட உடனே ஒரு மனுஷி சரி என்பாள் என்று யார் கண்டது?

“படிச்ச பிள்ள,” என்று மாசானம் பிச்சைக்கண்ணு காதில் சொன்னார். “வளத்தவங்களச் சொல்லணும்.”

காப்பி வராது என்று தெரிந்ததும் ஜெனிட்டா வேலையைத் தொடங்கினாள். “என் கண் முன்னால ஒரு தடவை செய்ங்க.”

செய்தார்கள். துரைச்சாமி ‘சேமி’யை அழுத்தினான். கட்டம் வந்தது. ‘சேமிக்கலாமா?’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே ரெண்டு பொத்தான். சரி, வேண்டாம். தலைவர் சிரித்த முகத்தோடு முன்னால் வந்து, லேசாகக் குனிந்து, ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார்.

“ஐயா!” ஜெனிட்டா எழுந்தே விட்டாள். “சேமிக்கலாமான்னு கேக்குது, நீங்க வேண்டாம்னு அழுத்துறீங்க!”

“ஆமா.”

“ஏன்?”

தலைவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “ஒருத்தர் கேட்ட உடனே சரின்னு பறக்கதுக்கு நாங்க என்ன சாப்பாட்டுக்கு அலந்தவங்களா?”

மாசானம் பொறுமையாக விளக்கினார். “இங்க பாருங்க. ஒரு வீட்டுக்குப் போறோம். சாப்பிடுதியளான்னு கேப்பாவ. வேண்டாம்போம். அட, சும்மா உக்காருங்கம்பாவ. இப்பம்தான் சாப்பிட்டேன்போம். பெறவு கையப் பிடிச்சு இழுப்பாவ. அப்பம்தான் உக்காரணும். அது மனுஷத்தனம். இது என்னடான்னா ஒரு தடவ கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுது.”

“நாங்களும் காத்துக் காத்துப் பாத்தோம்,” என்றார் பிச்சைக்கண்ணு. “ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல. கல்லு மனசு.”

பேச்சியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துவிட்டது. “அட பாவிகளா, இதுக்காகவா என் எருமையச் சாகக் கெடத்துனீக? தள்ளுங்க, நான் அழுத்துதேன்!” என்று நாலு பேரையும் ரெண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போய் ‘சேமி’யை ஒரு குத்துக் குத்தினாள்.

‘சேமிக்கலாமா?’ என்று கேட்டது.

பேச்சியம்மாளின் விரல் ‘சரி’க்கு மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து ‘வேண்டாம்’ மேல் விழுந்தது.

“கை வர மாட்டேங்கு தாயி,” என்று அழுதாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

“அப்ப நானே அழுத்துறேன்,” என்று ஜெனிட்டா குனிந்தாள். நாலு பேரும் குறுக்கே பாய்ந்து தடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவளை வேலை வாங்குகிற வழக்கம் ஏமங்குளத்தில் இல்லை.

ஜெனிட்டா பால் கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். வெப்சைட்டையே மாற்றிவிட்டாள்.

“இப்ப அழுத்துங்க.”

‘சேமிக்கலாமா?’ தலைவர், வேண்டாம்.

‘அட, சும்மா கூச்சப்படாதீங்க. சேமிக்கலாமா?’ நாலு பேரும் திரைக்குக் கிட்டே வந்தார்கள். தலைவர், வேண்டாம்.

‘நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். எனக்காகச் சேமிக்கக் கூடாதா?’

கொம்பையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இம்புட்டுச் சொல்லும்போது எப்படி மாட்டேன்னு சொல்ல?” சரி என்று அழுத்தினார்.

‘சேமிக்கப்பட்டது. நாளைக் காலை வண்டி வரும்.’

பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெனிட்டா ஸ்கூட்டரில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போனதும் மாசானம் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். “தலைவர மட்டும்தான கேட்டுச்சு. செயலாளர்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு மனசு இல்லியா?” என்றார்.

நியாயம்தான். மிஷின் அவரையும் கேட்கும்படி செய்தார்கள். ரெண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை இளகி, அதே செல்லக்கிளியை மறுபடி சேமித்தார். பிறகு பிச்சைக்கண்ணு. பிறகு துரைச்சாமி. “எருமை என்னுது, என்னையக் கேக்காண்டாமா?” என்று பேச்சியம்மாள். அதற்குள் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. சங்கத்தில் ஒரு மிஷின் வாய் நிறையக் கேட்கிறதாம். வாசலில் கூட்டம். ஊய்க்காட்டான் என்று ஒரு கிழவர், “எம் மருமக ஒரு தடவகூடக் கேக்க மாட்டா,” என்று சொல்லி அழுத்தினார். அழுதார். போய் வரிசைக் கடைசியில் மறுபடி நின்றுகொண்டார்.

மறுநாள் விடிந்ததும் வண்டி வந்தது. டாக்டர் செல்லக்கிளிக்கு ஊசி போட்டு, மருந்தைக் குழாயால் வாயில் இறக்கினார். வெயில் ஏறும்போது அது காதை ஆட்டியது. பிறகு முன்னங்காலை ஊன்றி எழுந்தது. ஒரு கட்டு வைக்கோலை நின்றபடியே தின்றது. பேச்சியம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டீக்கடைக்காரரே வந்து, நாளைக்குப் பால் உண்டுதானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ரெண்டாவது வண்டி வந்தது.

அதன் பின்னால் மூன்றாவது. அதன் பின்னால் குளத்தங்கரை வரைக்கும் வண்டிகள். சேமித்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு டாக்டர். “எருமை எங்கம்மா?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்.

“வந்தவங்கள வெறுமனே திருப்பி அனுப்பவா?” என்றார் தலைவர். “ஊரு மானம் என்னவே ஆகது?”

ஊரில் இருந்த மாடுகளை ஓட்டிவந்தார்கள். நன்றாக இருந்த மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் நடந்தது. மாடு தீர்ந்து ஆடு. ஆடு தீர்ந்து நாய். நாய்கள் புத்திசாலிகள், ஓடிவிட்டன. ஒரு சேவல் அகப்பட்டது. அதற்கும் ஊசி. அப்படியும் கடைசியாக ஒரு வண்டி மிஞ்சியது.

கமிட்டி தொழுவத்துக்குப் பின்னால் கூடியது.

“ஒருத்தர் படுக்கணும். வேற வழி இல்ல,” என்றார் மாசானம்.

“எதுலயும் தலைவர்தான் முன்னால நிக்கணும்,” என்றார் பிச்சைக்கண்ணு.

“இது நிக்கதுக்கு இல்லியேவே, படுக்கதுக்கு,” என்றார் கொம்பையா.

“படுக்கதுலயும் நீங்கதான் முன்னால.”

கொம்பையா தொழுவில் செல்லக்கிளி பக்கத்தில் நாலு காலில் மண்டியிட்டார். மேலே ஒரு கறுப்புக் கம்பளியைப் போர்த்தினார்கள். டாக்டர் வந்தார். காலையிலிருந்து கடைசி வண்டியில் காத்திருந்த மனிதர். கண் கையிலிருந்த போனை விட்டு எழவில்லை.

“பெண் எருமைன்னு பதிஞ்சிருக்கு. அதேதானே?”

வெளியே நின்ற யாருக்கும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அதே,” என்றார் கொம்பையா, கம்பளிக்குள்ளிருந்து.

டாக்டர் குறித்துக்கொண்டு ஊசியைப் போட்டார். பெரிய ஊசி. கொம்பையா முக்கவில்லை, முனகவில்லை. ஊர் மானம்.

“காதுல தோடு இல்லியே,” என்றார் டாக்டர். “தோட்டு நம்பர் போடாட்டி இது சேவ் ஆகாது.”

‘சேவ் ஆகாது’ என்ற சொல்லை இனி ஒரு தடவை கேட்க நாலு பேருக்கும் தெம்பில்லை. கொம்பையா தானே கம்பளியை விலக்கிக் காதை நீட்டினார். கடக் என்று ஒரு சத்தம். மாட்டுக்குப் போடும் மஞ்சள் நம்பர்த் தோடு ஏறியது. டாக்டர் அதிலிருந்த நம்பரை அடித்தார். சேவ் ஆனது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கொம்பையா இன்றைக்கும் அதைக் கழற்றவில்லை. சர்க்கார் நம்பர். ஊரில் வேறு எந்த மனுஷனுக்கு இருக்கிறது?

போன வாரம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த நம்பருக்கு ஒரு தகவல் வந்தது. எருமைக்குச் சினை ஊசி போடும் பருவம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது என்று.

ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. வண்டி வருகிறதே. தகராறு வேறு.

“அவரு வயித்துல பொறக்கது எங்க வீட்டுத் தொழுவுலதான் நிக்கும்,” என்கிறாள் கொம்பையா பெண்டாட்டி.

“தோடு சங்கத்து வழியா வந்தது. அப்பம் கன்னும் சங்கத்துக்குத்தான்,” என்கிறார் மாசானம்.

கொம்பையா ரெண்டு பக்கமும் பேசவில்லை. தவிடு தின்றால் கன்று திடமாக இருக்குமா என்று மட்டும் பேச்சியம்மாளிடம் தனியாக விசாரித்திருக்கிறார்.

துரைச்சாமி எந்தத் தகராறுக்கும் போகவில்லை. செம்பைப் புளி போட்டு விளக்கிக்கொண்டு வந்து கொம்பையா வீட்டு வாசலில் இப்போதே உட்கார்ந்துவிட்டான். சீம்பாலுக்கு முதல் ஆள் அவன்தானாம்.